சிப்பித் துளையும் பண்டைக் கடலின் வேட்டையும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைக் கடலின் மேலாகச் செல்லும் வீதி சென்றடையும் தீவு வேலணை. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரை இட்டு இதனை லைடன் என வழங்கினர். இத்தீவின் தென்கரையிலே சாட்டி உளது. நாற்புறமும் உவர்நீர் சூழ்ந்த தீவகத்திலே, மணலின் அடியில் நன்னீர் ஊறும் கிணறுகளால் இவ்விடம் நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. இக்கரையில் அலை ஒதுக்கிய மட்டி, சிப்பி, நத்தை ஓடுகளைச் சிறிது நேரம் கிளறிப் பார்ப்போர், அவற்றுட் சிலவற்றில் ஒரு சிறு வட்டத் துளை இருத்தலைக் காண்பர். தச்சன் துறப்பணம் இட்டாற்போல அத்துளை ஒழுங்காக இருக்கும். சிறுவர் அத்தகைய ஓடுகளைத் தேர்ந்தெடுத்து நூலிற் கோத்து விளையாடுவதுண்டு. ஆயினும் அத்துளை மாலைக்கென அமைந்ததன்று. ஓட்டினுள் வாழ்ந்த உயிர் எவ்வாறு இறந்தது என்பதைக் கூறும் சான்று அதுவேயாம்.

இறந்த உயிர்களின் உடலோ உடலின் பதிவோ கல்லில் எஞ்சிக் கிடப்பதனை உயிர்ச்சுவடு என்பர். ஒரு காலத்தில் எவ்வெவ்வுயிர் வாழ்ந்தன என்பதை உயிர்ச்சுவடுகள் ஓரளவு எளிதிற் காட்டும். எது எதனை உண்டது என்பதோ எளிதிற் புலப்படுவதன்று. காட்டிலே மானைப் புலி கொன்றால், கொன்றதற்கும் தின்றதற்கும் அடையாளமான தசை அழிந்துபோகும்; எலும்புகளை நரியும் மழையும் சிதறடிக்கும். முள்ளந்தண்டில்லாத கடலுயிர்களிடத்தே நிலைமை வேறு. மட்டியின் உடல் மென்மையானது. அதன் காப்போ கல்லினும் சிறிது மென்மையான சுண்ணாம்பு ஓடு. பகைவன் அவ்வோட்டினை ஊடுருவியே உட்செல்லல் வேண்டும். ஊடுருவிய வழி ஓட்டிலேயே நிலைத்துவிடுகின்றது. கொல்லப்பட்டது யாது, கொன்றது எவ்வினம், அதன் பருமன் எத்துணை, எவ்விடத்தே தாக்கிற்று, தாக்குதல் வென்றதோ தோற்றதோ என்பனவெல்லாம் ஒரே ஓட்டில் எழுதப்பட்டுள்ளன. எழுத்தறியாக் காலத்தின் சாசனம் என இதனைக் கூறுதல் மிகையாகாது.

சாசனத்தைப் படிப்பதற்கு முதலில் எழுத்தை அறிதல் வேண்டும். இவ்வெழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியன் இன்றும் உயிரோடிருக்கும் நத்தையே. மணற்பாங்கான ஆழமற்ற கடலடியில் வாழும் உருண்டையான நத்தைக் குடும்பம் ஒன்றுண்டு. அறிவியலார் நாட்டிக்கா எனப் பெயரிட்ட அவ்வினத்தை மேலைநாட்டார் நிலா நத்தை என அழைப்பர். மழமழப்பான அதன் ஓட்டைக் காண்போர் அதனைச் சாதுவான பிராணி என்றே கருதுவர். உண்மையில் அது மணலுக்குள் உழுதுகொண்டே சென்று வேட்டையாடுவது. அகன்ற பாதத்தை விரித்து மட்டியை வளைத்துப் பிடித்து, வழுவழுப்பான நீரினால் மூடி, தனக்கு வாய்ப்பான நிலையிலே திருப்பிக்கொள்ளும். பின்னர் வாய்க்குழலின் நுனியருகேயுள்ள சிறப்புறுப்பினை ஓட்டின்மீது பதித்து அமிலமும் நொதியமும் கசியவிடும். ஓடு இளகியதும், அரம் போன்ற நாக்கினாற் சுரண்டும். மீண்டும் அமிலம், மீண்டும் அரம். இவ்வாறு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் ஆழமே துளைக்க இயலும். தடித்த ஓடாயின் இரண்டு மூன்று நாளும் கழியும். துளை முற்றுப்பெற்றதும் வாய்க்குழலை உள்ளே செலுத்தி உயிரோடிருக்கும் மட்டியைத் தின்னத் தொடங்கும். விரைவாற் கொல்லும் புலியினும் இந்நத்தையின் பொறுமை அச்சந்தருவது.

இந்நத்தையின் துளைக்கு ஒரு தனி வடிவமுண்டு. வெளிப்புறம் அகன்றும் உட்புறம் ஒடுங்கியும் கிண்ணம் போல இருக்கும். திருகாணியின் தலை மறையும்படி தச்சர் குடையும் பள்ளத்தோடு இதனை ஒப்பிடலாம். நத்தை பாதியிற் கைவிட்ட துளையில் நடுவே சிறு மேடு எஞ்சியிருக்கும். பாறையிலும் முருகைக் கல்லிலும் வாழும் முட்சங்கு இனத்தின் துளை இதனின் வேறு. அதன் சுவர்கள் பெரும்பாலும் நேராக நிற்கும். ஒன்றன் களம் மணல். மற்றதன் களம் வன்றரை. ஆகவே துளையின் வடிவத்தைக் கொண்டு கொலைஞனை மட்டுமன்றிக் கொலை நிகழ்ந்த நிலத்தின் தன்மையையும் ஓரளவு ஊகிக்கலாம். சாக்குக்கணவாயும் துளையிடும், அது நஞ்சு செலுத்துவதற்கெனச் செய்யும் மிகச் சிறிய துளையாம். அமெரிக்காவின் தென் டக்கோட்டாவிற் கிடைத்த, 7.5 கோடி ஆண்டு பழமையான மட்டி ஓடுகளில் அத்தகைய துளைகளை 2021 இல் ஆராய்ச்சியாளர் இனங்கண்டனர். நண்டு துளைப்பதில்லை, ஓட்டின் விளிம்பை உரித்தும் நொறுக்கியும் உண்ணும். நண்டின் பிடியினின்று தப்பிய நத்தை உடைந்த விளிம்பைத் திருத்திக்கொண்டு மேலும் வளரும். தழும்பு ஓட்டில் நிலைக்கும். தோற்ற தாக்குதலுக்கும் சான்று கிடைப்பது இத்துறையின் பெருஞ்சிறப்பு.

இவையெல்லாம் ஈழத்துக் கடலுக்குப் புதியன அல்ல. மன்னார்ச் சலாபம் தொடர்ந்து பொய்த்தமையால், அதன் காரணத்தை ஆராயுமாறு அழைக்கப்பட்ட பேராசிரியர் ஹேட்மன் 1902 இல் இலங்கைக்கு வந்தார். அவருக்குத் துணையாயிருந்தவர் ஜேம்ஸ் ஹோணெல். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அவர்தம் அறிக்கை, முத்துச்சிப்பியின் பகைவர்களாக உடுமீன், கிளாத்தி, திருக்கை, துளையிடும் நத்தைகள், ஓட்டை அரிக்கும் கடற்பஞ்சு ஆகியவற்றைக் குறிப்பிடுகின்றது. அரசாங்கத்தின் வருமானம் கருதிச் செய்த ஆராய்ச்சியெனினும், பாக்குநீரிணையையும் மன்னார்க் குடாவையும் சார்ந்த கடலிலே உண்பதும் உண்ணப்படுவதும் எவ்வாறு பின்னியுள்ளன என்பதற்கு அது நல்ல ஆதாரம். பிற்காலத்தார் கல்லிற் கண்ட தழும்புகளுக்குப் பொருள் கூறுவதற்கு அவ்வாதாரம் உதவும். கோயிலில் ஊதப்படும் சங்கும் ஊனுண்ணியே என்பதை ஈண்டு நினைவுகூரலாம். கடலடிப் புழுக்களே அதன் உணவு.

துளைகளைக் கண்டாற் போதாது, எண்ணவும் வேண்டும். நூறு ஓடுகளில் எத்தனை துளையுண்டன என்பதே வேட்டையின் கடுமையைக் காட்டும் அளவு. இவ்வெண்ணிக்கையிற் பல இடர்கள் உள. மட்டிக்கு ஓடுகள் இரண்டு, துளையோ ஒன்று. நூறு தனியோடுகளிற் பத்துத் துளையுண்டிருப்பின், ஐம்பது மட்டிகளிற் பத்து இறந்தன என்றே கொள்ளல் வேண்டும். நூறிற் பத்து எனக் கொள்வோர் கடுமையைப் பாதியாகக் குறைத்தவராவர். நொறுக்கப்பட்ட ஓடுகள் எண்ணிக்கைக்கே வாரா. அலையும் ஓடுகளைத் தரம்பிரிக்கும். துளையுண்ட ஓடு நீரில் மிதந்து செல்லும் முறை துளையற்றதினின்று வேறுபடலாம். ஆகவே ஒரு கரையிற் பொறுக்கிய ஓடுகளைக் கொண்டு கடலடி முழுவதற்கும் முடிவு கூறுவோர் துணிவுடையரேயன்றித் தெளிவுடையர் அல்லர். முற்றுப்பெறாத துளைகளையும் திருந்திய தழும்புகளையும் சேர்த்தெண்ணுவதே முறை. அவை மிகுமாயின், இரையாகும் உயிர் தன்னைக் காப்பதில் முன்னேறியுள்ளது எனலாம்.

சாட்டியின் மணலுக்குக் கீழே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் தீவகத்துக்கும் பொதுவான சுண்ணாம்புக்கல் கிடக்கின்றது. கரையில் நேற்று ஒதுங்கிய ஓட்டுக்கும் இக்கல்லுக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 2 கோடி ஆண்டு. இலங்கையின் கனிப்பொருள் ஆய்வாளராயிருந்த வேலண்ட் என்பவரும், டேவிஸ் என்னும் அறிஞரும் 1923 இல் இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் ஏட்டில் எழுதிய கட்டுரை, இலங்கையின் இக்கல் மயோசீன் காலத்தது என விளக்கிற்று. அதற்குத் துணையான உயிர்ச்சுவடுகளுட் சில மிகச் சிறியன. ஒற்றைக் கலத்தால் ஆகியும் வட்டத் தட்டுப்போல ஓடு கட்டி வாழ்ந்த தபெரினா மலபாரிக்கா என்னும் உயிர் அவற்றுள் ஒன்று. 1850களில் பம்பாயில் மருத்துவராயிருந்த காட்டர் என்பார் மலையாளக் கரையின் கல்லிலிருந்து இதனை முதலில் விவரித்தார். பெயரின் பிற்பாதி அதனாலாயது. கொல்லத்துக்கு அண்மையிலே அட்டமுடிக் காயலின் கரையிலுள்ள படப்பக்கரைச் சுண்ணாம்புக்கல்லிலும், யாழ்ப்பாணத்துக் கல்லிலும் இவ்வொரே உயிர் காணப்படுதலின், இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தன என 1950 இல் ஈம்ஸ் என்பார் எடுத்துக்காட்டினார். சேர நாட்டுக் கரையையும் ஈழத்து வடகரையையும் இணைக்கும் சான்றுகளுள் இதனினும் பழையது இல்லை எனலாம்.

இச்சிறு தட்டுயிர் ஒரு சூழலையே தன்னுடன் கொண்டுவருகின்றது. அதன் இனத்தன தம் உடலுள் நுண்ணிய பாசிகளை வாழவிட்டு அவற்றின் உணவிற் பங்குபெறுவன. பாசிக்கு வெயில் வேண்டும். ஆதலின் அக்காலத்தில் இங்கிருந்த கடல் ஆழமற்றது, வெப்பமானது, சேறு கலங்காதது என்பது பெறப்படும். அத்தகைய கடலில் முருகைகளும் சிப்பிகளும் நத்தைகளும் பெருகும். அவற்றை உண்பனவும் பெருகும். புத்தளம் மாவட்டத்து அருவக்காலுவில் அக்காலத்துச் சுறா முதலியவற்றின் எச்சங்கள் கிடைத்துள்ளமையும், அவற்றைப் பி. ஈ. பி. தெரணியகல ஆராய்ந்தமையும் ஈண்டுக் கருதத்தக்கன. மேலே சுறா, நடுவே மீனும் நண்டும், கீழே நத்தையும் மட்டியும், எல்லாவற்றுக்கும் அடியிலே வெயிலை உணவாக்கும் பாசி என அடுக்கடுக்கான வாழ்வு ஒன்று அங்கிருந்தது.

ஆயின் யாழ்ப்பாணக் கல்லில் நத்தையின் துளையைத் தேடுவோர்க்கு ஒரு தடை உளது. மழைநீர் இக்கல்லைக் கரைக்கும். நிலாவரையின் ஆழமும் கீரிமலையின் ஊற்றும் அக்கரைதலின் விளைவுகளே. கடலுயிர்கள் ஓடு கட்டும் சுண்ணாம்பு இருவகைப்படும். பெரும்பாலான நத்தைகளும் மட்டிகளும் கட்டுவது அரகொனைற்று. அது விரைவிற் கரையும். சிப்பியும் விசிறிச்சிப்பியும் பெரிதும் கட்டுவது கல்சைற்று. அது நிலைத்து நிற்கும். அதனால் இங்குள்ள கல்லில் நத்தையின் ஓடு மறைந்து, அது கிடந்த குழியின் வடிவமே பெரும்பாலும் எஞ்சுகின்றது. ஓடு போனபின் துளையும் போயிற்று. இவ்வுண்மையை மறந்து, துளை காணப்படவில்லை ஆகவே வேட்டையும் இல்லை என முடிவுசெய்தல், கறையான் அரித்த ஏட்டைக் கண்டு புலவன் பாடவில்லை என்பது போலாம். கல்சைற்றோடு உடைய சிப்பிகளிலேயே இங்குத் தேடல் வேண்டும். கொல்லத்துக் கல் இவ்வகையில் பேறு பெற்றது. அங்கே சில மில்லிமீற்றர் அளவேயான சிற்றோடுகளும் துளையுடன் எஞ்சியுள்ளன. மிகச் சிறிதாயிருத்தல் துளையிடும் நத்தையினின்று உயிரைக் காக்குமா என்னும் வினாவை அவ்வோடுகளைக் கொண்டு இந்திய ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து 2020 இல் முடிவுகளை வெளியிட்டனர். கொல்லத்துக் கடலுக்கு உடன்காலத்ததான யாழ்ப்பாணக் கடலின் வாழ்வை அறிய விரும்புவோர் அக்கரையை நோக்குதலே தக்கது.

இன்னும் பழைய காலத்தை அறியத் தமிழகத்துக்குச் செல்லல் வேண்டும். திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கே காரை, ஊட்டத்தூர், கருடமங்கலம், குளக்காநத்தம், கல்லங்குறிச்சி முதலிய ஊர்களிலே வயலும் ஓடையும் ஆயிருக்கும் நிலம், கிரீத்தேசியக் காலத்திற் கடலடியாய்க் கிடந்தது. அக்காலம் ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளின் முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளின் முன் முடிவுற்றது. கேய், கன்லிப் என்னும் இரு ஆங்கிலேயர் தென்னிந்தியாவிற் சேர்த்தனுப்பிய ஓடுகளை எட்வேட் போப்ஸ் 1846 இல் விவரித்தார். பின்னர் பிளான்போட் இப்பகுதியின் கற்படைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாக வகுத்தார். அவற்றின் உயிர்ச்சுவடுகளை நான்கு பெருந்தொகுதிகளில் எழுதி முடித்த பெருமை பெரும்பாலும் மொறாவியா நாட்டினரான பேடினண்ட் ஸ்டோலிட்ஸ்காவுக்கு உரியது. நத்தைகளைப் பற்றிய தொகுதி 1868 இலும், மட்டிகளைப் பற்றியது 1871 இலும் நிறைவெய்தின. தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் பெயர்களை உலகின் அறிவியல் நூல்களில் ஏற்றிய அவர், யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில் 1874 இல் இறந்து லே நகரில் அடக்கஞ் செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

அக்கடலில் வாழ்ந்தவற்றுட் பல இன்று முற்றாக அழிந்தன. சுருள் ஓடுடைய அம்மொனைற்று அவற்றுள் ஒன்று. கண்டகி ஆற்றிலிருந்து கொணர்ந்து பூசையில் வைக்கப்படும் சாளக்கிராமம் இதே குலத்தின் மற்றொரு காலத்து உயிர்ச்சுவடு. காரையின் களிமண்ணிலே கணவாய்க்கு உறவான பெலெம்னைற்றுகளின் குண்டூசி போன்ற உள்ளெலும்புகள் சிதறிக் கிடக்கின்றன. அதே களத்திலிருந்து, ஓடுகளை அரைத்து நொறுக்குதற்கேற்ற தட்டையான பற்களையுடைய டைக்கோடஸ் என்னும் சுறாவின் பற்களும் 2012 இல் அறிவிக்கப்பட்டன. கொன்றதன் பல்லும் கொல்லப்படத்தக்கவற்றின் ஓடும் ஒரே மண்ணிற் கிடத்தல் சிந்தனைக்குரியது. கல்லங்குறிச்சியிலே தடித்த ஓடுடைய சிப்பிகள் திட்டுத்திட்டாக நெருங்கி வாழ்ந்துள்ளன. தடித்த ஓடும் நெருங்கிய வாழ்வும் பகைவரினின்று காக்கும் கோட்டையாயினவோ என்னும் வினா இங்கே எழுகின்றது. ஸ்டோலிட்ஸ்காவின் காலத்து நோக்கம் இனங்களுக்குப் பெயரிட்டு வகுத்தலே. அவர் ஆராய்ந்த ஓடுகளை மறுபடியும் துளை நோக்கியும் தழும்பு நோக்கியும் பார்ப்பதற்கு இடமுண்டு.

இவ்வினாவுக்குப் பரந்த விடையொன்றை அளிக்க முயன்றவர் கேராட் வெர்மெய். ஒல்லாந்து நாட்டில் 1946 இற் பிறந்து, மூன்று வயதளவிற் கண்பார்வையை முற்றாக இழந்த இவர், ஓடுகளை விரலாற் தடவியே ஆராய்ந்து பேரறிஞரானார். காண்போர் நிறத்தில் மயங்குமிடத்து இவர் விரல் தடிப்பையும் முள்ளையும் வாயின் ஒடுக்கத்தையும் தழும்பையும் உணர்ந்தது. 1977 இல் இவர் வெளியிட்ட கருத்து, இடையுயிரூழிக் கடற்புரட்சி எனப் பெயர்பெற்றது. ஓட்டை நொறுக்கும் நண்டும் மீனும் துளையிடும் நத்தையும் அவ்வூழியிற் பெருகின. அவற்றை எதிர்கொள்ள நத்தைகளின் ஓடு தடித்தது, வாய் ஒடுங்கிற்று, முள் வளர்ந்தது. மட்டிகள் மணலுள் ஆழப் புதைந்தன. அவ்வாறு மாற இயலாத கடலல்லி போன்றன ஆழ்கடலுக்கு ஒதுங்கின என்பது அதன் சாரம். நிலா நத்தையின் துளைகள் ஐயத்துக்கிடமின்றிக் காணப்படத் தொடங்குவதும் கிரீத்தேசியக் காலத்திலேயாம். கோட்டை மதில் உயர உயரப் பீரங்கியின் வலிமை மிகுவதும், பீரங்கி மிகுதலால் மதில் தடிப்பதும் யாழ்ப்பாணக் கோட்டையைக் கண்டோர்க்குப் புதிய செய்தியன்று.

கருத்து அழகியதாதல் பற்றியே அதனை உண்மையெனக் கொள்ளலாகாது. அமெரிக்காவின் கரையோரப் படைகளில் கெலியும் ஹான்சனும் பல்லாண்டு துளைகளை எண்ணினர். அவர்கள் கண்ட வேட்டையின் கடுமை காலம் செல்லச் செல்ல ஒரே சீராக ஏறவில்லை. ஏறியும் இறங்கியும் சென்றது. மறுபுறம், ஆந்திர நாட்டு இராசமந்திரியிலே தக்கணத்து எரிமலைக் குழம்புக்குக் கீழும் இடையிலும் கிடக்கும் கடற்படைகளை இந்திய ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து, கிரீத்தேசியத்தின் முடிவை அண்டிய திருகுநத்தை ஓடுகள் மிகுதியாகத் துளையுண்டமையைக் கண்டனர். 2014 இல் வெளியான அவ்வாராய்ச்சி வெர்மெயின் கருத்துக்கு ஆதரவு கூறுகின்றது. இடத்துக்கிடம் கடல் வேறுபடுதலின் இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கா. வேட்டையும் காப்பும் தொடர்ந்து போட்டியிட்டன என்பது உறுதி. அப்போட்டி எங்கும் ஒரே திசையிற் சென்றது என்பதே ஐயம். வேட்டை அவ்வூழியிலே தொடங்கியதுமன்று. சீனத்தின் சான்சி மாகாணத்தில் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கிளவுடினா என்னும் குழலுயிரின் ஓட்டிலேயே துளை காணப்பட்டமை 1992 இல் அறிவிக்கப்பட்டது. ஓடு தோன்றிய காலமும் ஓட்டைத் துளைத்த காலமும் பெரிதும் வேறல்ல.

இச்சாசனங்கள் கிடக்கும் கல்லோ எங்கும் எரிக்கப்படுகின்றது. வீட்டுக்கு வெள்ளையடிக்கவும் வெற்றிலைக்கு இடவும் யாழ்ப்பாணத்தார் நெடுங்காலம் கல்லையும் முருகையையும் சூளையிலிட்டனர். 1950 இல் காங்கேசன்துறையில் எழுந்த சீமேந்துத் தொழிற்சாலை 1990 வரை அக்கல்லையே உணவாக்கொண்டது. அருவக்காலுவின் கல் புத்தளத்துச் சீமேந்துக்கும், அரியலூர்ப் பகுதியின் கல் அங்குள்ள ஆலைகளுக்கும் அகழப்பட்டன. அகழ்வை முற்றாகக் குறைகூறலும் பொருந்தாது. புதைந்த உயிர்ச்சுவடுகள் பல வெளிப்பட்டதும் அவ்வகழ்வினாலேயே. அகழும்போது பார்ப்பதற்கு ஒருவர் உடனிருந்தாரா என்பதே வேறுபாடு. குளக்காநத்தத்துச் சிப்பிக்கல் மெருகிடப்பட்டு அலங்காரக் கல்லாகப் பல கட்டடங்களிற் சென்று பதிந்தது. அவ்வகைக் கல்லின் மெருகு நத்தையின் குறுக்குவெட்டைத் தெளிவாகக் காட்டும். ஆயினும் எக்கற்படையினின்று வந்தது என்னும் குறிப்பின்றிக் கிடக்கும் கல், ஆண்டும் ஊரும் அழிந்த சாசனம்போலப் பாதிப் பயனே தரும்.

சாட்டியில் இவ்வாராய்ச்சி மனித வரலாற்றோடு நேரே சந்திக்கின்றது. பொ. இரகுபதி யாழ்ப்பாணத்துப் பண்டைக் குடியிருப்புகளைப் பற்றி 1987 இல் வெளியிட்ட நூலில் சாட்டியும் பெருங்கற்காலப் பண்பாட்டிடமாகக் குறிக்கப்பட்டது. வேலணைத் தீவில் அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்த அகழ்வு, 3,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட மக்கள் உண்டெறிந்த சிப்பிக் குவியலை வெளிப்படுத்திற்று. இத்தீவில் இயற்கையாய்க் கிடையாத படிகக் கல்லும் அங்குக் காணப்பட்டமையால், அம்மக்கள் பிற நிலத்தோடு தொடர்புடையர் என்பது தெளிவு. அத்தகைய குவியலிலே துளையுள்ள ஓடொன்று வெளிப்படுமாயின், அதனை மணியென்று கூறுவதா, இரையென்று கூறுவதா? இலங்கையின் பத்தாதொம்பக் குகையில், கடலினின்று வெகுதூரத்தே, 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட படைகளிற் கடலோட்டு மணிகள் கிடைத்தன. கடலிலிருந்து அத்துணைத் தொலைவிற்கு ஓடு தானே செல்லாது. ஆதலின் அங்கே மனிதர் கை உறுதி. கடற்கரையிலேயே அமைந்த சாட்டியிலோ வேலணையிலோ அவ்வுறுதி இல்லை. இங்கு ஒரு நத்தை செய்த வேலையை மனிதனின் அணிகலக் கலையென எழுதிவிடுதல் எளிது. அவ்வாறு எழுதப்பட்டால், இல்லாத ஒரு நாகரிகம் நூலேறும்.

வேறுபாட்டைக் காண வழியுண்டு. மனிதன் குத்தித் துளைத்தால் விளிம்பு சிதைந்து ஒழுங்கற்றிருக்கும். கல்லில் உரைத்துத் துளைத்தால் துளையைச் சுற்றித் தட்டையான உராய்வுத் தளம் தோன்றும். துறப்பணத்தாற் கடைந்தால் சுவரிலே வளையவளையமான கீறல்கள் விழும். இருபுறமிருந்தும் கடைவதால் நடுவொடுங்கி உடுக்கை வடிவாதலும் உண்டு. நத்தையின் துளை ஒரு புறத்திலிருந்தே, அதுவும் வெளிப்புறத்திலிருந்தே தொடங்கும். அமிலம் மெழுகியதால் சுவர் வழவழப்பாக இருக்கும். கடற்பஞ்சு அரித்த ஓட்டிலே சிறு துளைகள் பல நெருங்கித் தோன்றும். அலை தேய்த்த ஓட்டில் மிகப் புடைத்த இடமே முதலில் தேய்ந்து ஓட்டையாகும். ஏனைய பாகமும் மெருகழிந்திருக்கும். ஒரு குவியலில் துளைகளெல்லாம் ஒரே இடத்தில் இருத்தலைக் கொண்டு மனிதர் வேலையென முடிவு செய்தலும் தவறு. நிலா நத்தையும் ஒரே இடத்தைத் தேர்ந்து துளைக்கும் பழக்கமுடையது.

இன்னொரு செய்தியும் உளது. இசுரவேல் நாட்டுக் கவ்ஸே குகையில் ஏறத்தாழ 1 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் விட்டுச்சென்ற மட்டி ஓடுகளின் துளைகள் இயற்கையாய் அமைந்தவையே. ஆயினும் அத்துளைகளின் விளிம்பில் நூல் உரைந்த தேய்வு காணப்படுகின்றது, செங்காவியும் படிந்துள்ளது. அங்கே மனிதர் துளையிடவில்லை. துளையுள்ள ஓட்டைத் தேடி எடுத்தனர். ஆதலின் இரையா மணியா என்னும் வினாவுக்கு இரண்டுமே என்பதும் விடையாகலாம். வேலணைத் தீவின் ஓடுகளை ஆராய்வோர் துளையின் வடிவத்தோடு அமையாது, அதன் விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துள்ளதா என்பதையும், அதே குவியலில் உண்ணப்பட்ட ஓடுகளின் பருமன் கீழ்ப்படையிலிருந்து மேற்படைக்குச் சிறுத்து வருகின்றதா என்பதையும் அளந்து குறித்தல் வேண்டும். பருமன் படிப்படியாகச் சிறுத்திருக்குமாயின், பெரிய மட்டிகளை முதலில் எடுத்துத் தீர்த்தவன் நத்தையல்லன், மனிதனே எனக் கொள்ள அது தக்க காரணமாகும்.